எட்டுப் பட்டைத் தூண் ஆறு பட்டையாக வந்த கதை

படமெடுத்துத் தூணுக்கு முப்பரிமாண மாதிரி செய்த அனுபவம் கேட்டிருந்தீர்கள். நான் சொதப்பியது மண்டகப்பட்டில். விழுப்புரம் மாவட்டத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையில் குடைந்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் எடுத்தேன் என்று கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொள்வானே, அதேதான். முகப்பில் இரண்டு முழுத்தூண், ஓரங்களில் இரண்டு அரைத்தூண். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டைக் கட்டு, உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை. இதைவிட எளிய தூண் எங்கே கிடைக்கும் என்ற தெம்பில் போனேன்.

ஒரே தூணைச் சுற்றி மூன்று உயரங்களில் நூற்றுச் சொச்சம் படங்கள். வீட்டுக்கு வந்து, படங்களை இணைத்து முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருளான மெட்டாஷேப்பில் ஏற்றினால் கட்டுக்கு ஆறு பட்டைதான்! மண்டபத்துக்குள் நின்று வெளியே பார்த்து எடுத்த படங்களில் பின்னால் பளீரென்று வெயில். கேமரா அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டதால் தூண் கருத்துப்போயிருந்தது. கல்லின் புள்ளிகளே தெரியாதபோது மென்பொருள் எதை வைத்துப் படங்களை இணைக்கும்? அவற்றை ஒதுக்கிவிட்டது. போதாக்குறைக்கு அளவுகோலும் வைக்கவில்லை. உருவம் வந்தது, அளவு வரவில்லை. தூண் 2 மீட்டரா 20 மீட்டரா என்று படங்களை மட்டும் பார்த்து அதற்குத் தெரியாது.

சரி என்று மேகமூட்டமான ஒரு நாளில் மறுபடி போனேன். இந்த முறை வெளிச்ச அளவைத் தூணுக்கு ஏற்றபடி கையாலேயே வைத்துக்கொண்டேன். பட்டைகள் திரும்பும் முனைகளில் அரை அடிக்கு ஒரு படம். தரையில் ஒரு மீட்டர் அளவுகோல். எட்டும் வந்துவிட்டன. போதிகையின் மேல்விளிம்பு மட்டும் இன்னும் மொழுக்கென்றுதான் இருக்கிறது.

மறுமொழி:

கருங்கல் கிடைத்தவரை நீங்கள் அதிர்ஷ்டக்காரர். நான் மாட்டிக்கொண்டது கர்நாடகத்துப் பேலூரில், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனன் 1117இல் எடுத்த சென்னகேசவர் கோயில். மாக்கல்லில் கடைந்து மெருகேற்றிய தூண்கள். கண்ணுக்கு அழகு, கேமராவுக்கு எமன். நாம் நகர நகர அந்தப் பளபளப்பும் நகரும். மென்பொருள் அதையும் கல்லின் புள்ளி என்று நம்பும். வழவழப்பான வளையத்தில் அம்மைத் தழும்பு போல மேடும் பள்ளமும். லென்ஸில் பளபளப்பை வடிகட்டும் போலரைசர் கண்ணாடி மாட்டினேன், மினுக்கம் அடங்கியது. ஆனால் அது வெளிச்சத்தில் பாதிக்குமேல் விழுங்கிவிடும். உள்ளேயோ இருட்டு. முக்காலி இல்லாமல் கையில் பிடித்து எடுத்ததால் எல்லாம் ஆட்டம். வாசலை ஒட்டிய தூண்கள் மட்டும் தேறின.