ஊட்டிக் குளிரில் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது

கேத்திவாசி: 125 சிசி, கார்புரேட்டர் வண்டி. டிசம்பர் பிறந்ததிலிருந்து காலை ஆறு மணிக்கு சீட்டில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கிறது, செல்ஃப் அடித்தால் டக் டக் என்று நின்றுவிடுகிறது, கிக்கரைப் பதினைந்து தடவை உதைக்க வேண்டியிருக்கிறது. ஆயில் 20டபிள்யூ-40. விரல்களும் மரத்துப்போகின்றன, பழைய ரெக்சினில் ஹேண்டில் உறை தைக்கலாமா?

கோத்தகிரிக்காரன்: முதலில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் போடுங்கள், டெர்மினலில் பூத்திருக்கும் பொடியை வெந்நீரில் கழுவி, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். அப்புறம் சோக்கை (குளிரில் எஞ்சினுக்குப் போகும் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் லீவர்) முழுசாக இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், சாவி போடாமலே இரண்டு மூன்று உதை, பிறகு சாவி போட்டு ஒரு உதை. மேனுவலில் அனுமதி இருந்தால் 10டபிள்யூ-30 ஊற்றுங்கள், டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குறைந்தால் குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும்.

மலைப்பாதை: ரெக்சின் நனைந்தால் தொங்கி கிளட்ச் லீவரை அழுத்தும், எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. அதற்குப் பதிலாக ஐந்து லிட்டர் ஆயில் கேனைப் பாதியாக அறுத்து, கைக்குக் காற்றுத் தடுப்பாகக் கண்ணாடிக் கம்பியின் போல்ட்டிலேயே மாட்டினேன், மூன்று குளிர்காலம் தாங்கியது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், கேபிளில் உரசக்கூடாது.

கேத்திவாசி: பேட்டரி 11.9 காட்டியது. சார்ஜ் போட்டதும் இன்று இரண்டாவது உதையில் கிளம்பியது. சனிக்கிழமை கேன் அறுக்கிறேன்.