ஒரே போட்டுக்கு ரெண்டு அணியம்

பல படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கும் பனோரமா எடுத்து நான் ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. இடம் கடலூர் முதுநகர் துறைமுகம். விடியற்காலையில் உப்பனாற்றங்கரை நெடுக விசைப்படகுகள் நின்றிருந்தன. ஒரு படத்தில் அடங்காது என்று நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பித் திருப்பி ஏழு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஹுகினில் ஒட்டினேன். (படங்களை ஒட்டும் இலவச மென்பொருள், என் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது.) பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. நாலடி நீளத்துக்குப் பிரிண்ட் போட்டு, கர்வத்தோடு அங்கேயே கொண்டுபோய், வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு அண்ணனிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு படகாக விரல் வைத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“தம்பி, இது யாரு போட்டு? அணியம் ரெண்டு இருக்கே!”

போட்டு என்றால் படகு. அதன் முன்மூக்கைத்தான் அணியம் என்கிறார்கள். கட்டிப்போட்ட படகும் அலையில் ஆடும். இரண்டு படங்களுக்கு நடுவே அது நகர்ந்திருக்கிறது, ஒட்டுக்கோடு சரியாக அதன் மேல் விழுந்திருக்கிறது. அது போதாதென்று, எனக்கு இரண்டடி முன்னால் இருந்த கயிறு கட்டும் குற்றி பாதியில் முறிந்து விலகி நின்றது.

படகுக்கு மருந்து சுலபம். ஹுகினில் மாஸ்க் போட்டு, அதாவது வேண்டாத பகுதியை மறைத்து, முழுப் படகும் ஒரே படத்திலிருந்து வரும்படி செய்துவிடலாம். குற்றி விஷயத்தில் குற்றம் என்னுடையது. ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டித் தலையை அசைத்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரில் விரல் இடம் மாறும். நான் உடம்பைத் திருப்பியபோது கேமராவும் கை நீளத்துக்கு வட்டமடித்தது, அதனால் பக்கத்துப் பொருள் மட்டும் நகர்ந்துவிட்டது. கேமரா சுழலலாம், லென்ஸ் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. நாம்தான் அதைச் சுற்றி நடக்க வேண்டும்.

அதற்குக் கொத்தனார் சித்தப்பாவிடம் தூக்குக்குண்டு கடன் வாங்கினேன். “இதை வெச்சு நாங்க சுவர் எடுப்போம், நீ என்னடா போட்டோ எடுக்கறே?” என்றார். லென்ஸின் முன்பக்கத்தில் நூலைக் கட்டி, தரையில் ஐந்து ரூபாய்க் காசை வைத்து, குண்டின் நுனி எப்போதும் காசுக்கு நேர் மேலே நிற்கும்படி கேமராவைத் திருப்பினேன். காற்று அடித்தால் குண்டு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், அதுதான் ஒரே தொல்லை. ஏபிஎஸ்-சி எனும் சின்ன சென்சார் கேமராவில் 35 மி.மீ. லென்ஸை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் ஒரு படம் சுமார் 25 டிகிரி பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு ஒன்றின் மேல் ஒன்று விழும்படி எடுத்தால் அரைவட்டத்துக்குப் பதினொரு படம். குற்றி முறியவில்லை.

பாண்டியிலிருந்து இன்னொருவர்:

எனக்குக் காந்தி சிலைப் பக்கம் இரண்டு தண்டனை. சூரியன் கடல் பக்கம் உதிக்க, கேமரா வெளிச்சத்தைத் தானே கணிக்கும் ஆட்டோ முறையில் இருந்தது. ஒவ்வொரு படமும் ஒரு வெளிச்சம், ஒட்டியதும் வானம் பட்டை பட்டையாகக் கைலி மாதிரி ஆகிவிட்டது. அப்புறம், கரையில் கொட்டிய கருங்கற்களும் வரட்டும் என்று கேமராவைச் சாய்த்துப் பிடித்ததில் தொடுவானம் வாழைப்பழமாக வளைந்தது. தொடுவானத்தின் மேல் நாலைந்து படங்களில் புள்ளி வைத்து, இது கிடைக்கோடு என்று ஹுகினுக்குச் சொன்னபிறகு நிமிர்ந்தது. வெளிச்சத்துக்கு அப்படி மருந்து கிடைக்கவில்லை, மறுநாள் மேனுவலில் வைத்துத் திரும்ப எடுத்தேன். வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் இரண்டையும் முதலிலேயே பூட்டிவிட்டேன்.

இன்னொன்று: வாக்கிங் போகிறவர்கள் போகும் திசையில் படம் எடுத்துக்கொண்டே போகாதீர்கள். சிவப்பு டீசர்ட் பெரியவர் ஒருவர் என் படத்தில் நான்கு இடத்தில் நடக்கிறார்.

முதுநகர்க்காரரின் பதில்:

நல்லவேளை சொன்னீர்கள், நான் எதிர்த்திசையில் எடுக்கிறேன். புது பிரிண்டையும் அந்த அண்ணனிடம் காட்டியாயிற்று. எல்லாப் படகுக்கும் ஒரே அணியம்தான். எண்ணிப் பார்த்துவிட்டு, “என் மச்சான் போட்டு எங்க?” என்றார். நடுவில் ஓடிக்கொண்டிருந்த பைபர் படகு ஒன்று. மாஸ்க் போட்டு அழித்தது நான்தான்.