தேர்வு செய்யும் இடத்தில் படம் நிற்காமல் ஓடுவது எப்படி?

திரைநோக்கி:
நெட்ஃபிளிக்ஸ் 2018 டிசம்பர் 28 அன்று வெளியிட்ட ‘பிளாக் மிரர்: பேண்டர்ஸ்னாட்ச்’ படத்தில், நாயகன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்பவரே ரிமோட்டை அழுத்தித் தீர்மானித்தார். இணையத்தில் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் வழக்கமாகத் திரையில் வட்டம் சுழலத் தொடங்கிவிடும். இதிலோ தேர்வுக்குப் பிறகும் படம் தடுமாறவில்லை. இது எவ்வாறு இயன்றது? சாதாரணத் தொலைக்காட்சி அலைவரிசைகளால் இதைச் செய்ய முடியாதா?

தொகுப்புமேசை:
இணையவழிப் படம் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வந்து, ஓடுவதற்குச் சற்று முன்பே கருவியின் நினைவகத்தில் சேர்கிறது. மற்றப் படங்களில் அடுத்த துண்டு எது என்பதில் ஐயமே இல்லை. இங்கு இரண்டு வாய்ப்புகளும் திரையில் நிற்கும் 10 நொடிகளுக்குள் எதைத் தேர்ந்தாலும் தடை வராதபடி, இரு கிளைகளின் தொடக்கத் துண்டுகளும் முன்கூட்டியே இறக்கப்பட்டுவிடுகின்றன. அந்த நேரத்தில் படமும் உறைந்து நிற்பதில்லை. பாத்திரங்கள் தயங்குவதாகவோ பேச்சு நீள்வதாகவோ காட்சி தொடர்கிறது. பார்ப்பவர் எதையும் அழுத்தாவிட்டால், ஒரு வாய்ப்பு தானாகவே தேர்வாகிவிடும். இதற்கேற்ற பிளேயர் எல்லாக் கருவிகளிலும் இல்லாததால், படம் வெளியானபோது ஆப்பிள் டிவி, குரோம்காஸ்ட் ஆகியவற்றில் அதைப் பார்க்க முடியவில்லை.

என் பார்வையில், இதைவிடக் கடினமான வேலை பார்ப்பவரின் தேர்வுகளை நினைவில் வைத்திருப்பதுதான். தொடக்கத்தில், காலையுணவுக்குச் சுகர் பஃப்ஸா ஃப்ராஸ்டீஸா என்று ஓர் அற்பமான கேள்வி வருகிறது. அதனால் கதை திரும்புவதில்லை என்றாலும், பின்னர் படத்துக்குள் ஓடும் தொலைக்காட்சி விளம்பரம் நீங்கள் தேர்ந்த உணவுக்கானதாகவே இருக்கும். கதாசிரியர் சார்லி புரூக்கர் கிளைகளை ட்வைன் என்னும் மென்பொருளில் எழுதினார். ஏறத்தாழ 250 துண்டுகளையும் அவற்றுக்கிடையிலான நிபந்தனைகளையும் கையாள, நெட்ஃபிளிக்ஸ் ‘பிராஞ்ச் மேனேஜர்’ என்ற கருவியைத் தானே உருவாக்கிக்கொண்டது.

பழையபெட்டி:
அலைவரிசை பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். கோபுரத்திலிருந்து புறப்படும் அலை எல்லா வீடுகளுக்கும் ஒன்றே என்பதால், வீட்டுக்கு வீடு வேறு கதை காட்ட அதில் வழியில்லை. ஆனாலும் ஜெர்மனியில் 1991 டிசம்பரில் ஏஆர்டி, இசட்டிஎஃப் என்னும் இரு அலைவரிசைகள் ஒரே குற்றக்கதையை இரு பாத்திரங்களின் கோணத்தில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பின. பார்ப்பவர் விரும்பிய நேரத்தில் அலைவரிசையை மாற்றி மறுபக்கத்தைப் பார்க்கலாம்.

அதற்கும் முன்பு, 1967 மான்ட்ரியல் கண்காட்சியின் செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் ‘கினோஆட்டோமாட்’ என்ற திரைப்படம் காட்டப்பட்டது. கதை சிக்கலான கட்டத்தை எட்டியதும் நெறியாளர் மேடைக்கு வந்து கேட்க, பார்வையாளர்கள் இருக்கையிலிருந்த சிவப்பு, பச்சைப் பொத்தான்களால் வாக்களிப்பார்கள். எப்படி வாக்களித்தாலும் இறுதியில் கட்டடம் தீப்பற்றி எரியும்! பிரிந்த கிளைகள் மீண்டும் ஒன்றுசேராவிட்டால், பத்தே கேள்விகளுக்கு 1,024 முடிவுகளைப் படமாக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த ஏமாற்று இந்தக் கலைக்கு இன்றியமையாதது என்றே கருதுகிறேன்.

திரைநோக்கி:
இருவருக்கும் நன்றி. இவ்வளவு உழைத்து உருவாக்கியதை நெட்ஃபிளிக்ஸ் ஏன் கைவிட்டது?

தொகுப்புமேசை:
2024 டிசம்பரில் இவ்வகைப் படைப்புகளில் பெரும்பாலானவற்றை அது நீக்கியது. 2025 மே மாதத்தில் ‘பேண்டர்ஸ்னாட்ச்’ படமும் போயிற்று. இத்தொழில்நுட்பம் தன் நோக்கத்தை நிறைவேற்றிவிட்டது, இனி அது தங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதே நிறுவனம் கூறிய காரணம். செலவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்: பலர் ஒருபோதும் பார்க்காத கிளைகளையும் படமாக்கி, ஒவ்வொரு மொழியிலும் டப்பிங் செய்து, புதிதாக வரும் ஒவ்வொரு கருவிக்கும் அந்தத் தனி பிளேயரைப் பொருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.