புதுப்பிப்பு: மாவட்ட வாரியான கொரோனா வரைபடங்களை எங்கே பார்ப்பது?

மாவட்ட எண்ணிக்கைக்குத் தன்னார்வலர்கள் நடத்திய 'கோவிட்19இந்தியா.ஆர்க்' இணையதளம் போதும் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். அவர்கள் 31 அக்டோபர் 2021 உடன் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிந்தைய நாட்களுக்குத் தமிழக சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கைகளைத்தான் நாட வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கொரோனா தரவுப் பக்கமும் 10 மார்ச் 2023 அன்று நின்றுவிட்டது.

பழைய தரவைக் கொண்டு நீங்களே வரைபடம் போடுவதுதான் நம்பகமானது; கோவிட்19இந்தியாவின் மாவட்ட வாரியான சிஎஸ்வி கோப்பில் (எக்செலில் திறக்கக்கூடிய அட்டவணைக் கோப்பு) அது இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது அன்றாட எண்ணிக்கை அல்ல, அதுவரையிலான மொத்தம். அப்படியே வரைந்தால் கோடு ஏறிக்கொண்டே போகும், அலை தணிந்ததே தெரியாது. எக்செலில் பி (B) நெடுவரிசையில் ஒரு மாவட்டத்தின் மொத்தம் நாள்வாரியாக இருந்தால், சி3-இல் (C3) =B3-B2 என்று போட்டுக் கீழே இழுங்கள். பிறகு டி9-இல் (D9) சி3 முதல் சி9 வரைக்குமான சராசரியைப் போட்டு, அதையும் கீழே இழுங்கள். இந்த ஏழு நாள் சராசரியைத்தான் வரைய வேண்டும். வார இறுதியில் பரிசோதனை குறைவதால் வரும் பள்ளங்கள் அதில் சமனாகிவிடும்.

சி நெடுவரிசையில் கழித்தல் குறி வந்தால் பதறாதீர்கள். முந்தைய கணக்கைத் திருத்தியிருப்பார்கள். திடீர் உச்சமும் அப்படித்தான்: 22 ஜூலை 2020 அன்று தமிழகத்தில் விடுபட்டிருந்த 444 மரணங்களை ஒரே நாளில் சேர்த்தார்கள். அவை அன்று நிகழ்ந்தவை அல்ல. அந்த நாளுக்கு வரைபடத்திலேயே ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள், தயவுசெய்து.

விமான நிலையம், ரயில் நிலையத்தில் கண்டறிந்தவர்கள் தமிழக அறிக்கையில் தனி வரியில் வந்தார்கள். அதனால் மாவட்டங்களைக் கூட்டினால் மாநில மொத்தத்தைவிடக் குறையும்.