ஆடித் திருவிழா சவுண்டு: பாக்ஸ் வாங்குவதற்கு முன்னால் மீட்டரைப் பாருங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

காசிமேட்டில் கூழ் ஊற்றிய அன்று லைவ் பார்த்தவர்களில் பாதிப் பேர் "பாட்டு கிழியுது"ன்னு எழுதியிருக்கிறீர்கள். குவைத் அண்ணன் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் புது ஸ்பீக்கர் பாக்ஸே எடுத்துவிடலாம் என்கிறார். அண்ணே, பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்க. அன்று லேப்டாப்பில் டிஜே மென்பொருள் வைத்துப் பாட்டு போட்ட தம்பிகள் அனுப்பிய திரை ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரெண்டு டெக் (ஒவ்வொரு பாட்டையும் ஏற்றி ஓட்டும் இடம்) மீட்டரும் உச்சியில் நிற்கிறது, மாஸ்டர் (எல்லாம் கலந்து வெளியே போகும் மொத்த அளவு) மீட்டர் தலையில் சிவப்பு, மாஸ்டர் குமிழ் வலது கோடி வரை திருகியிருக்கிறது. இதில் பாக்ஸ் என்ன பண்ணும்?

டிஜிட்டலில் சைபர் டெசிபல்தான் (சத்தத்தின் அளவுகோல்) கூரை. 16 பிட் ஆடியோவில் ஒரு சாம்பிள் (ஒலி அலையை ஒரு கணத்தில் அளந்த எண்) 32,767-க்கு மேல் போகவே முடியாது. அதைத் தாண்டப் பார்க்கும் அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகிவிடும். அதைத்தான் கிளிப் ஆகுதுன்னு சொல்கிறோம். தட்டையான அலை ஆம்ப்ளிஃபையருக்குள் போனால் சராசரி பவர் கூடும், அசல் பாட்டில் இல்லாத கீச்சுச் சத்தமும் சேரும். ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) காயில் எரிவது பெரும்பாலும் இப்படித்தான். செட்டுக்கார அண்ணன் வாடகையோடு அதையும் சேர்த்துக் கேட்டால் தப்பு சொல்ல முடியாது.

பாட்டு போகும் வழி இது: முதலில் கெயின் (பாட்டு உள்ளே நுழையும் அளவு), பிறகு ஈக்யூ (லோ, மிட், ஹை என்ற மூன்று குமிழ்கள்), சேனல் ஃபேடர் (அந்த டெக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளி), கிராஸ்ஃபேடர் (ஒரு டெக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் தள்ளி), கடைசியில் மாஸ்டர். டெக் பக்கத்தில் இருக்கும் மீட்டர் பெரும்பாலான மென்பொருள்களில் ஃபேடருக்கு முந்தைய அளவைத்தான் காட்டும். ஃபேடரை முழுக்க இறக்கியும் பட்டை ஆடுது, மீட்டர் ரிப்பேர் என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். ரிப்பேர் இல்லப்பா, அதன் வேலையே அதுதான். அடுத்த பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டபடி, வெளியே விடுவதற்கு முன்பே அளவைச் சரி செய்துகொள்ளத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: ஈக்யூ மூன்றும் நடுவில் இருக்கட்டும். பாட்டில் அடி பலமாக விழும் இடத்துக்குத் தாவி, பச்சை முடிந்து மஞ்சளை லேசாகத் தொடும் வரை கெயினைத் திருகுங்கள். ஆரம்ப நாதஸ்வரத்தை வைத்து அளவு பார்த்தால் பம்பை சேரும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மேலே கொஞ்சம் இடம் காலியாக இருந்தே ஆகணும். ஒரே அளவில் ரெண்டு பாட்டைக் கலந்தால் சுமார் 3 டெசிபல் கூடும். அடியும் அடியும் ஒன்றாக விழுந்தால் 6 வரை போகும். பேஸ் வேணும்னு லோ குமிழை ஏற்றினாலும் மீட்டர் ஏறத்தான் செய்யும், அப்போது கெயினை இறக்குங்க. மாஸ்டரை அதன் இயல்பான இடத்தில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் கை போகாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொரு சிக்கல், பழைய அம்மன் பாட்டு முடிந்து கானா ரீமிக்ஸ் வந்ததும் காது அடைத்தது. மீட்டரில் ரெண்டும் ஒரே உயரம்தான்! மீட்டர் துள்ளுவது அந்தந்தக் கணத்தின் அடிக்கு, காது எடைபோடுவது சராசரியை. பழைய ரெக்கார்டிங்கில் உடுக்கை அடி மட்டும் எகிறும், குரல் கீழே நிற்கும். இப்போதைய பாட்டை லிமிட்டர் (எகிறும் முனைகளை அமுக்கும் கருவி) போட்டு இறுக்கியிருப்பார்கள், எல்லாமே மேலே நிற்கும். தம்பிகள் வைத்திருக்கும் மிக்ஸ் மென்பொருளில் (Mixxx என்று மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்களே, இலவசமாகக் கிடைப்பது) ரீப்ளேகெயின் என்று ஒரு வசதி உண்டு. பாட்டை முன்கூட்டியே அலசி, சராசரிச் சத்தத்தை −18 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) என்ற கணக்குக்குக் கொண்டுவரும். விழாவுக்கு முந்தின ராத்திரியே மொத்தப் பாட்டையும் தேர்ந்தெடுத்து அனலைஸ் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்க. பந்தலில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது.

கூட்டத்துக்குச் சத்தம் பத்தலைன்னா ஆம்ப்ளிஃபையரில்தான் ஏற்றணும். அங்கேயும் கணக்கு இருக்கு. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேணும், அதற்கு பவர் 10 மடங்கு வேணும். 1,000 வாட்ஸில் கேட்பது இரு மடங்காகக் கேட்க 10,000 வாட்ஸ். குவைத் அண்ணன் இந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கணும்.

சட்டத்தில் வரும் டெசிபல் வேறு, அது காற்றில் அளப்பது. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்தில் பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபல், அல்லது அந்தப் பகுதிக்கு விதித்திருக்கும் சுற்றுப்புற ஒலி வரம்புக்கு மேல் 10, ரெண்டில் எது குறைவோ அதுதான் உச்சம்.

லைவ் கிழிந்ததில் ஃபோன் மைக்குக்கும் பங்கு இருக்கலாம், பாக்ஸுக்கு நேர் எதிரே நின்று பிடித்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மிக்ஸிலேயே ரெக்கார்ட் பட்டன் உண்டு, மாஸ்டரில் போவது அப்படியே ஃபைலாகப் பதியும். தம்பிகள் அன்றைக்கு அதை அழுத்தியிருந்தால் அந்த ஃபைலை அனுப்புங்க. அதிலும் கிழிந்தால் கோளாறு லேப்டாப்பில். சுத்தமாக இருந்தால் செட்டுக்கார அண்ணனையும் ஃபோன் பிடித்தவரையும் விசாரிப்போம். பாக்ஸ் பேச்சு அதற்கப்புறம்.

தண்டையார்பேட்டைக்காரன், மஸ்கட்டிலிருந்து