ஊசிக்கும் காந்தத்துக்கும் நடுவில்

சித்தி: 📹 பயல் செய்திருக்கிற வேலையைப் பாருங்கள். ஊசி அந்தரத்தில் நிற்கிறது!

பெரியப்பா: நூலில்தானே கட்டியிருக்கிறான்? இதில் என்ன அந்தரம்?

சித்தி: நூல் கீழே மேசையில் ஒட்டியிருக்கிறது அத்தான். காந்தம் மேலே. நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி. காகிதத்தை உள்ளே விட்டு எடுத்தேன், ஊசி விழவில்லை.

அக்கா: இதையே தொழிலாகச் செய்த சிற்பி ஒருவர் இருந்தார் சித்தி. தாக்கிஸ் என்று பெயர். 1925இல் ஏதென்ஸில் பிறந்தவர். பாரிஸில் இருந்தபோது 1959இல் காந்தத்தைக் கையில் எடுத்தார்.

பெரியப்பா: உளியே படாமல் சிற்பமா? நன்றாக இருக்கிறது கதை.

அக்கா: ஆணி, கூம்பு, உலோகத் துண்டு, இவ்வளவுதான் பெரியப்பா. மெல்லிய கம்பியில் கட்டி விடுவார். காந்தம் இழுக்கும், கம்பி விடாது. ஒட்டவும் முடியாமல் விழவும் முடியாமல் அந்தக் கூம்பு லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். கூம்பை விடுங்கள், நடுவில் இருக்கிற இடைவெளிதான் சிற்பம் என்பேன் நான்.

மாமா: நூலை எடுத்தால் ஆட்டம் முடிந்தது. நிலைக்காந்தத்தை மட்டும் வைத்து இரும்பை அசையாமல் மிதக்கவிட முடியாது. எர்ன்ஷா என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1842இல் போட்ட கணக்கிலிருந்து வருவது இது. கிட்டே போனால் இழுப்பு கூடும், விலகினால் குறையும். மயிரிழை பிசகினால் ஒன்று ஒட்டும், இல்லை விழும்.

பெரியப்பா: அப்படியானால் நூல் ஏமாற்று வேலை.

அக்கா: அவர் அதை மறைக்கவே இல்லையே! எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிதான் கட்டினார்.

தம்பி: 1960 நவம்பரில் பாரிஸ் கேலரி ஒன்றில் ஒரு கவிஞரையே காந்தத்தால் அந்தரத்தில் நிறுத்தினாராம். ககாரின் விண்வெளிக்குப் போனது அடுத்த ஏப்ரலில்தான் 😄

சித்தி: ஐயோ, இதை இவனிடம் சொல்லிவிடாதே.

அக்கா: எனக்குப் பிடித்தது அவருடைய இசைச் சிற்பங்கள். மின்காந்தம் விட்டுவிட்டு இழுக்கும். தொங்குகிற ஊசி போய்த் தந்தியில் மோதும். 'ணங்' என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. எப்போது மோதும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

சித்தி: நூலை வெட்டிவிட்டான். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. இப்போது வேறு நூல் கேட்டு அழுகிறான்.

மாமா: எர்ன்ஷா ஜெயித்தார் 👍

பெரியப்பா: பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று என்னிடம் கிடக்கிறது. நூல் எவ்வளவு நீளம் விட்டான் என்று கேட்டுச் சொல்.