கோத்தகிரிப் பக்கம் ஊற்று குறைகிறது: போர் போடுவதா, குழி வெட்டுவதா?

சோலைமேடு:
40 வீட்டுக்கு ஒரே ஊற்று. பிப்ரவரி கடைசியில் 20 லிட்டர் வாளி நிறைய 100 விநாடி ஆகிறது. சிலர் போர் போடச் சொல்கிறார்கள். சிலர் மழைநீர் மண்ணுக்குள் இறங்க, நூறு நாள் வேலையில் ஊற்றுக்கு மேலே குழி வெட்டலாம் என்கிறார்கள். மேலே தேயிலை, அதற்கும் மேலே கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்). எதைச் செய்யலாம்?

கல்மடிப்பு:
முதலில் கணக்கு. நிமிடத்துக்கு 12 லிட்டர், ஒரு நாளைக்கு 17,280. வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 55 லிட்டர் என்றால் தேவை 11,000. இரவு பத்து மணி நேரத்தில் மட்டும் 7,200 லிட்டர் ஓடையில் போய்விடுகிறது. அதைப் பிடிக்க 10,000 லிட்டர் தொட்டிதான் முதல் வேலை.

போர் வேண்டாம். நீலகிரியின் சார்னோகைட் பாறையில் நீர் விரிசல்களில்தான் ஓடும். ஊற்றுக்கு வரும் விரிசலிலேயே போர் இறங்கினால் ஊற்று நின்றுவிடும்.

நீர்ச்சரிவு:
குழி வெட்டும் முன் ஊற்றின் வகை தெரிய வேண்டும். மழை பெய்த ஓரிரு நாளில் நீர் பெருகிக் கலங்கினால் மேல்மண்ணில் இறங்கி வரும் நீர். நேர் மேலேயுள்ள சரிவில் வேலை செய்யலாம். கோடையிலும் மெதுவாகவே குறைந்து தெளிவாக வந்தால் விரிசல் ஊற்று. அதற்கு ஊறும் இடம் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம்கூட இருக்கலாம். விரிசல் எந்தத் திசையில் சாய்கிறது என்று பார்க்காமல் வெட்டினால் உழைப்பு இன்னொரு ஊர் ஊற்றுக்குப் போகும். சிக்கிமில் ஊற்றுகளை மீட்க 2008 முதல் நடக்கும் 'தாரா விகாஸ்' வேலையிலும் நிலவியல் பார்த்துத்தான் இடம் குறிக்கிறார்கள்.

அளவு: 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம்; ஒரு குழியில் சுமார் 680 லிட்டர் நிற்கும். 'ஏ' சட்டத்தால் (A வடிவில் கட்டிய, சரிவில் மட்டம் பார்க்கும் மரச்சட்டம்) சமமட்டம் பிடித்து, அடுத்தடுத்த வரிசைகளை மாற்றி மாற்றி வெட்டுங்கள். தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டுப் புல் நடுங்கள். ஆண்டுதோறும் வண்டல் எடுக்காவிட்டால் குழியின் அடி அடைத்துக்கொள்ளும்.

செங்குத்துச் சரிவிலும் வீடுகளுக்கு மேலேயும் வெட்டவே கூடாது. நீலகிரியில் 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளை மறக்க வேண்டாம். நீர் ஊறிக் கனத்த மண் அப்படியே வழுக்கும். அங்கே கற்பூர மரத்தையும் சீகையையும் படிப்படியாகக் குறைத்துப் புல்லும் சோலை மரமும் வளர்ப்பதே பாதுகாப்பு. ஒரே நேரத்தில் வெட்டினால் வேர்ப்பிடி போய் மண் சரியும்.

சோலைமேடு:
தொட்டியை ஊற்றுக்கண் மேலேயே கட்டலாமா?

கல்மடிப்பு:
கூடாது. ஊற்றுக்கண்ணில் சின்ன மூடுபெட்டி மட்டும் போதும், பின்னால் கழுவிய ஜல்லி. தொட்டி கீழே இருக்கட்டும். பெட்டியின் வழிந்தோடும் குழாய் ஊற்றுக்கண் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நீர் அதற்கு மேல் ஏறி நின்றால் எதிர் அழுத்தத்தில் ஊற்று வேறு பக்கம் வழி தேடிக்கொள்ளும். பெட்டிக்கு மேல்பக்கம் மழைநீரைத் திருப்ப ஒரு வாய்க்கால், மாடு வராமல் வேலி. மேல்சரிவில் கழிப்பறைக் குழி இருந்தால் கோலிபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) சோதனை செய்யாமல் குடிக்கக் கொடுக்காதீர்கள்.